பேறுகாலத்தில் ஓய்வு யாருக்கு?

2024 நவம்பர் 15ஆம் நாள் இரவு உத்தரப்பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு தீப்பற்றி எரிந்தது. பத்துக் குழந்தைகள் அந்த இரவிலேயே மாண்டன. அதற்கு முன், 2021 ஜனவரி 9ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இதே போன்ற தீ. அங்கும் பத்துக் குழந்தைகள். இரண்டு முறையும் அமைச்சர்கள் விரைந்து வந்தனர், நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது, விசாரணைக்கு ஆணையிடப்பட்டது. நாடு சில நாட்கள் கலங்கியது. பிறகு மறந்தது.

அந்தக் கலக்கம் நியாயமானது. ஆனால் எவரையும் கலங்கச் செய்யாமல் நாள்தோறும் நிகழும் மரணங்களும் உண்டு. இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2020ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. அந்த 28 பேரில் 20 பேர் பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே இறந்துவிடுகின்றனர். ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இந்த விகிதத்தின் பொருள், நாலு லட்சத்துக்கும் அதிகமான பச்சிளம் உயிர்கள்; நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல்.

இந்த மரணங்களில் தீயில்லை, புகையில்லை. 'குறைப்பிரசவம்', 'எடைக்குறைவு', 'மூச்சுத்திணறல்' என்று மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு சொல் எழுதப்படுகிறது. 'விதி' என்று வீட்டில் ஒரு சொல் சொல்லப்படுகிறது. அத்துடன் முடிகிறது. பதிவேட்டின் சொல் பொய்யன்று. ஆனால் அது கடைசி மணிநேரத்தை மட்டுமே சொல்கிறது. அந்தக் குழந்தை ஏன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தது, ஏன் ஒன்றரைக் கிலோ மட்டுமே இருந்தது என்பதைப் பதிவேடு கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் விடை பிரசவ அறைக்கு வெளியே, கரும்புக் காட்டிலும் செங்கல் சூளையிலும் தேயிலைத் தோட்டத்திலும் கிடைக்கிறது.

மருத்துவமனை வந்தது, மரணம் முழுதாய் விலகவில்லை

2005ஆம் ஆண்டு ஜனனி சுரக்ஷா திட்டம் தொடங்கிய வேளையில், இந்தியாவில் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவமனையில் நடந்தன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 88.6 சதவீதமாக உயர்ந்தது. இது சிறிய சாதனை அல்ல. நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடிய ஆஷா ஊழியர்களின் கால்களில்தான் அந்தச் சாதனை நடந்தது. பேறுகாலத் தாய் மரணமும் குறைந்தது. 2018-20ஆம் ஆண்டுகளில் லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார்கள் என்ற அளவுக்கு அது இறங்கியது.

ஆயினும் ஓர் ஒப்பீடு சிந்திக்க வைக்கிறது. அதே கணக்கெடுப்புகளின்படி, மருத்துவமனைப் பிரசவம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிய காலத்தில், முதல் மாத சிசு மரணம் ஆயிரத்துக்கு 39 என்பதிலிருந்து ஏறத்தாழ 25 ஆக மட்டுமே குறைந்தது. பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறிய வேகத்தில் உயிர் காக்கப்படவில்லை.

இதற்கு ஒரு காரணம், மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்காக என்ன காத்திருக்கிறது என்பது. ஒன்றிய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம் 2021-22ஆம் ஆண்டுக்குச் சொன்னபடி, கிராமப்புற சமுதாய நல மையங்களில் தேவைப்படும் மகப்பேறு மருத்துவர்களில் நூற்றுக்கு 74 பேரும், குழந்தை மருத்துவர்களில் நூற்றுக்கு 81 பேரும் இல்லை. கட்டடம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, படுக்கை இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்யவும் மயக்க மருந்து கொடுக்கவும் ஆளில்லை. ஏற்ற இரத்தம் இல்லை. 'மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்' என்று ஒரு சீட்டு எழுதித் தரப்படுகிறது. சீட்டைப் பெற்ற குடும்பம் அடுத்த ஐம்பது கிலோமீட்டரை எப்படிக் கடக்கும் என்பது எவர் பொறுப்பும் அல்ல. இன்னொரு விவரமும் உண்டு. பத்தில் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவை 41.8 சதவீதமே. தாய்ப்பாலுக்கு விலையில்லை, இயந்திரம் தேவையில்லை. தாயின் அருகில் சற்று நேரம் நிற்க ஒரு செவிலியர் வேண்டும். அந்தச் செவிலியரின் பணியிடம்தான் காலியாகக் கிடக்கிறது.

இந்தக் குறைகளைச் சுட்டிப் போராடுவது அவசியம். ஆனால் இத்துடன் நிறுத்திவிட்டால் பாதி உண்மையே பேசியதாகும். மருத்துவமனையின் வாசலை அடையும்போதே அந்தப் பெண்ணின் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே மறுபாதி.

ஒன்பது மாதத்தின் கணக்கு

கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. அதற்கேற்ற இரும்புச்சத்தும் உணவும் கிடைக்காதபோது இரத்தம் நீர்த்துப்போகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது, அல்லது காலத்துக்கு முன்பே பிறக்கிறது. பிரசவத்தின்போது நல்ல உடல் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கை இரத்தச்சோகை கொண்ட உடல் தாங்குவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் வரும் ஆபத்து இவ்வாறு ஒரே வேரிலிருந்து கிளைக்கிறது.

இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதத்தினர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 50.4 சதவீதம். நாடு வளர்ந்ததாகப் பறைசாற்றப்பட்ட ஆண்டுகளில் கருவுற்ற பெண்ணின் இரத்தம் மேலும் வெளிறியிருக்கிறது. பரிந்துரைக்கப்பட்ட 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டவர்கள் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. மாத்திரை கொடுத்தோம், அவர்கள் விழுங்கவில்லை என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்றுப் புரட்டலும் வரும் மாத்திரை அது. விடியலில் வெறும் தேநீரோடு வேலைக்குக் கிளம்பும் பெண்ணிடம் மாத்திரையை மட்டும் நீட்டுவது, இலை போடாமல் உப்பை மட்டும் பரிமாறுவதற்கு ஒப்பானது.

2019ஆம் ஆண்டு பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் ஆறு வட மாநிலங்களின் கிராமங்களில் நடத்திய 'ஜச்சா-பச்சா' ஆய்வு, அதாவது தாய்-சேய் ஆய்வு, இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டியது. கருவுற்ற காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் நூற்றுக்கு 22 பேர் மட்டுமே. கருவுற்ற காலத்தில் கூடிய எடை சராசரியாக ஏழு கிலோ; உத்தரப்பிரதேசத்தில் நான்கு கிலோ. மெலிந்த உடலுடைய பெண்ணுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கும் மேல் எடை கூடவேண்டும் என்பது மருத்துவம் சொல்லும் அளவு. பிரசவ நாள்வரை வேலை செய்ததாகச் சொன்னவர்கள் 63 சதவீதம்.

இந்த 63 சதவீதம்தான் விவாதத்தின் மையத்தில் நிற்கவேண்டிய எண். தமிழர் வாழ்வில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. பிற மாநிலங்களிலும் இதற்கு ஈடான வழக்கங்கள் உள்ளன. சடங்கை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஓய்வுக்கான ஏற்பாடு. ஆனால் அந்த ஓய்வை இயலச் செய்வது இன்னொரு பெண்ணின், பெற்ற தாயின், கூலியில்லா உழைப்பு. அந்தத் தாயும் கூலிக்குப் போகிறவளாக இருந்தால் வளையல் குலுங்கும், ஓய்வு கிடைக்காது.

மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவிலிருந்து அறுவடைப் பருவந்தோறும் கரும்பு வெட்ட இடம்பெயரும் தொழிலாளர்களிடையே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா' என்று கணக்கிடப்படுகின்றனர். கோய்தா என்றால் அரிவாள். முன்பணம் இருவருக்கும் சேர்த்தே தரப்படுகிறது. ஒருவர் ஒருநாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம்; அபராதம் கடனில் ஏறும். எட்டு மாதக் கர்ப்பிணி தலையில் கரும்புக் கட்டைச் சுமந்து லாரியில் ஏற்றுவது அவளுடைய அறியாமையால் அன்று. உட்கார்ந்தால் கடன் ஏறும் என்பதை அவள் நன்கு அறிவாள்.

மருத்துவப் பரிசோதனையும் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. பேறுகால இரத்தக் கொதிப்பை எடுத்துக்கொள்ளலாம். கால் வீக்கம், தீராத தலைவலி, கண் மங்கல் ஆகியவை அதன் எச்சரிக்கைகள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். தாயும் சேயும் இறக்க நேரிடும். கண்டறிய இரத்த அழுத்தம் பார்க்கும் ஐந்து நிமிடம் போதும். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் மிக மலிவான மருந்து. ஆனால் பரிசோதனைக்குப் போவதென்றால் ஒருநாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் சேரும். குறைந்தது நான்கு முறை பரிசோதனை பெற்ற கருவுற்ற பெண்கள் 58 சதவீதமே என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. கால் வீங்குவது பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே என்று வீட்டில் சொல்லப்படுகிறது. கூலியை இழக்க முடியாத வீட்டில் அந்தச் சொல் ஆறுதலாகவும் ஆகிவிடுகிறது.

சட்டம் சொன்னதும் அரசு செய்ததும்

அமைப்பாக்கப்பட்ட துறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் ஊதியத்துடன் விடுப்பு தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 26 வாரமாக உயர்த்தியது. தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேருக்குக் குறையாத கடைகளும் நிறுவனங்களும் என்ற அதன் எல்லைக்கு வெளியேதான் இந்தியாவின் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நிற்கின்றனர். வயல் கூலி, வீட்டு வேலை, பீடி சுற்றல், கட்டட வேலை செய்யும் பெண்களுக்கு அந்த 26 வாரம் கிடையாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த எல்லையைத் தாண்டவில்லை.

அந்தப் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்தது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அரசு வேலையில் இல்லாத ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு, அத்துடன் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி என்று அதன் நான்காம் பிரிவு கூறுகிறது. 'ஒவ்வொரு' என்பதே அங்கு உயிரான சொல். முதல் குழந்தைக்கு மட்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் அப்பிரிவு ஏட்டிலேயே கிடந்தது. 2016 டிசம்பர் 31ஆம் நாள், பணமதிப்பு நீக்கத்தின் வேதனை ஆறாத வேளையில், பிரதமர் கருவுற்ற பெண்களுக்கு 6,000 ரூபாய் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். நடைமுறைக்கு வந்த 'பிரதமர் மாத்ரு வந்தனா' திட்டத்தில் அது 5,000 ஆனது. அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். அதுவும் மூன்று தவணைகளில். தொடக்கத்தில் கணவனின் ஆதாரும் கேட்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரல் முதல் இரண்டாவது குழந்தைக்கும் உதவி உண்டு என்றார்கள். அது பெண்ணாக இருந்தால் மட்டுமே. பெண் குழந்தையைப் போற்றுவதாகத் தோன்றும் இந்த நிபந்தனையின் உட்பொருள் கொடியது. உதவி குழந்தை பிறந்தபின், அதன் பாலினம் தெரிந்தபின் வருகிறது. கருவுற்ற ஒன்பது மாதமும் அந்தத் தாய் என்ன உண்பாள் என்ற கேள்விக்கு அங்கு விடையில்லை.

கூடுதல் குழந்தைகளை இத்தகைய உதவி ஊக்குவிக்கும் என்பது இந்தக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் சொல்லும் வாதம். நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2.0 ஆகக் குறைந்துவிட்டதை அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. ஆறாயிரம் ரூபாய்க்காக எந்தப் பெண்ணும் பிள்ளை பெறுவதில்லை. முதல் பிரசவத்தில் இழந்த இரத்தத்தை ஈடு செய்யாமலே இரண்டாவது, மூன்றாவது கருவைச் சுமக்கும் பெண்ணே அதிக ஆபத்தில் இருப்பவள். அவளைத்தான் இந்தத் திட்டம் கைவிடுகிறது.

பணமில்லை என்பது அடுத்த வாதம். ஆண்டுக்கு 2.4 கோடிப் பிரசவங்கள் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் 6,000 ரூபாய் கொடுத்தாலும் 14,400 கோடி ரூபாய்தான் ஆகும். 2019 செப்டம்பரில் பெருமுதலாளிகளுக்கு வருமான வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். அந்தச் சலுகையில் பத்தில் ஒரு பங்கு, நாட்டின் ஒவ்வொரு தாய்க்கும் போதும். பணம் இருக்கிறது, அது யாருக்கு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் எந்த வர்க்கத்தின் கையில் இருக்கிறது என்பதே பிரச்சினை.

உண்மையில் 6,000 ரூபாய் என்பதே 2013ஆம் ஆண்டின் தொகை. நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும், வாரத்துக்கு ஆறு நாட்களாக 26 வாரக் கூலி 39,000 ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் என்ற அளவை எட்டியது. ஒரு மாநிலத்துக்கு இயன்றது ஒன்றியத்துக்கு இயலாதது எவ்வாறு?

அட்டை இல்லாத உடல்

சட்டத்தில் எழுதியது கையில் கிடைப்பதற்கிடையே உள்ள தூரத்தை ஒரு வழக்கு காட்டியது. ஹரியானாவில் வாழ்ந்த, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைப் பெண் ஒருவர் 2008ஆம் ஆண்டு கருவுற்றிருந்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை மறுக்கப்பட்டு, வயிற்றில் இறந்துபோன சிசுவை ஐந்து நாட்கள் சுமந்தார். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்கான அட்டை விவகாரமே இடையில் நின்றது. அடுத்த கருவில், 2010 ஜனவரியில், வீட்டிலேயே குறைப்பிரசவமாகி, பிறந்த சில நேரத்தில் தாய் இறந்தார். 2010 ஜூனில் தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் தந்த தீர்ப்பு, பாதுகாப்பான பேறுகாலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. ஒரு மாநிலத்து அட்டை இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று கூறித் திருப்பி அனுப்பலாகாது என்றும் அது வலியுறுத்தியது.

இடம்பெயர்ந்து உழைக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் ஏட்டளவிலேயே இருக்கிறது. ஜார்க்கண்டின் சூளைத் தொழிலாளி சென்னையின் புறநகரில் கருவுற்றால், அங்கன்வாடிப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறுகிறதா? திருப்பூரில் தைக்கும் ஒடிசாப் பெண்ணின் தாய்-சேய் அட்டை எந்த ஊரில் இருக்கிறது? தமிழ்நாட்டுத் தோழர்கள் தமது தெருவிலேயே கேட்கத்தக்க கேள்விகள் இவை.

வழி தெரியாமல் இல்லை

பச்சிளம் சிசுவைக் காக்கும் வழிகள் எல்லாம் அரியவையல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீட்டுக்கு வீடு சென்று குழந்தையின் மூச்சையும் உடல்சூட்டையும் தொற்றையும் கவனிக்கச் செய்தனர். மூன்றாண்டுகளில் பச்சிளம் சிசு மரணம் அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்ததை 1999ஆம் ஆண்டு உலகம் அறிந்தது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு, வெப்பப்பெட்டிகள் போதாத மருத்துவமனையில் பிறந்தது தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை. குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தால், தக்க வசதியுள்ள இடத்தில் தாய்க்குப் போடப்படும் மலிவான ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது.

கட்சிரோலியின் அனுபவத்தை 2011ஆம் ஆண்டு ஒன்றிய அரசு நாடெங்கும் எடுத்துச் சென்றது. பிரசவித்த வீட்டுக்கு 42 நாட்களில் ஆறு அல்லது ஏழு முறை ஆஷா செல்லவேண்டும். அதற்கான ஊக்கத்தொகை மொத்தம் 250 ரூபாய். ஒரு வருகைக்கு நாற்பது ரூபாயைச் சற்று ஒட்டியது. அவர் தொழிலாளியும் அல்லர், ஊழியரும் அல்லர். 'தன்னார்வலர்' என்று அரசு சொல்கிறது. பெண்ணின் வீட்டு வேலையைக் கூலியில்லாத கடமையாக்கிய அதே மனநிலை, பொதுச் சுகாதாரத்திலும் அவளுக்கு அதே பெயரைச் சூட்டியிருக்கிறது. பேறுகாலப் பெண்ணுக்குக் கூலியுடன் ஓய்வும், அவளைக் கவனிக்கும் ஆஷாவுக்கு ஊழியர் என்ற தகுதியும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

மாநிலங்களுக்கிடையிலான இடைவெளி இதைத்தான் உறுதிப்படுத்துகிறது. 2020ஆம் ஆண்டில் முதல் மாத சிசு மரணம் கேரளத்தில் ஆயிரத்துக்கு 4. மத்தியப் பிரதேசத்தில் 31. இரண்டும் ஒரே நாடு. ஒரே மருத்துவ நூல்கள். நிலச்சீர்திருத்தமும் பொது விநியோகமும் பெண்கல்வியும் அருகில் உள்ள அரசு மருத்துவமனையும் தலைமுறைகளாகச் சேர்ந்து உருவாக்கிய வேறுபாடு அது.

கிளைகளின் பணி

இந்தப் பிரச்சினையைச் சுகாதாரத் துறைக்கும் மாதர் அமைப்புக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கும் பழக்கம் இடதுசாரி இயக்கத்திலும் இல்லாமல் இல்லை. கூலி உயர்வுக்கான மனுவில் பேறுகால விடுப்பு கடைசி வரியாக வருகிறது. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அதுவே. இந்த வரிசை மாறவேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் கட்டுமானச் சங்கமும் பேறுகாலக் கூலியைத் தமது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக ஏற்கவேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவை எந்த நிபந்தனையுமின்றி ஒவ்வொரு பேற்றுக்கும் நிறைவேற்றுதல். தொகையை விலைவாசியோடு இணைத்து, படிப்படியாக 26 வாரக் குறைந்தபட்சக் கூலியாக உயர்த்துதல். சமுதாய நல மையங்களில் காலியாகக் கிடக்கும் மருத்துவர், செவிலியர் பணியிடங்களை நிரப்புதல். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களை அரசு ஊழியராக ஏற்றல். ஒவ்வொரு தாய் மரணத்தையும் சிசு மரணத்தையும் ஊரறிய ஆய்வு செய்தல். இவை எல்லா மாநிலங்களிலும் எழுப்பத்தக்க கோரிக்கைகள்.

கோரிக்கை மேடையில் மட்டும் நில்லாது. தமது பகுதியில் கருவுற்றிருக்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உதவித் தொகையின் முதல் தவணை வந்தது, எத்தனை பேர் இன்று காலை வேலைக்குப் போனார்கள் என்பதை ஒரு கிளை ஒரு வாரத்தில் கணக்கெடுத்துவிடலாம். அந்தத் தாளோடு வட்டார அலுவலகத்தின் முன் நிற்கும்போது, 'விதி' என்று சொல்லப்பட்ட மரணங்களுக்கு முதன்முறையாக ஒரு பொறுப்பாளர் கிடைப்பார்.